செயலாளர் காக்கா இல்லாத காயல்பட்டினம்

பிப்ரவரி 6, 2025, வியாழன்

நாங்கள் வந்த ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். நெல்லை சந்திப்பில் இறங்கி ஓடியும் திருச்செந்தூர் பாசஞ்சரின் கடைசிப் பெட்டியைத்தான் பார்க்க முடிந்தது. தம்பி கையில் இரண்டு பைகள், என் கையில் ஒரு கூடை ஆரஞ்சு. அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் ரொம்ப இருட்டிவிடும் என்று பஸ்ஸுக்குப் போனோம்.

தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான். செய்துங்கநல்லூர் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகப் பாதயாத்திரைக் கூட்டம். பஸ் ஊர்ந்துதான் போனது. எனக்கு உட்கார இடமில்லை. கால் வீங்கி நடக்க முடியாமல் வழியில் ஏறிய ஒரு பெரியம்மா, தான் உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் ஆரஞ்சுக் கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "யாரைப் பாக்கப் போறீக?" என்று கேட்டார். எங்களுக்கு மாமா மாதிரி ஒருத்தர், காயல்பட்டினத்தில் இறந்துபோய்விட்டார், சனிக்கிழமை நாற்பதாம் நாள் என்றேன். "நல்ல மனுசனா?" என்றார். ஆமாம் என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கொடுத்த இரண்டு பழங்களில் ஒன்றை உரித்து, பாதியை என் கையிலேயே திருப்பி வைத்தார். ஆழ்வார்திருநகரி வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், பஸ் குலுங்கும்போது நான் விழுந்துவிடாமல் இருக்க.

திருச்செந்தூரில் இறங்கி டீ குடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்தோம். காயல்பட்டினம் வந்து சேரும்போது மஃரிப் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளிவாசல்களிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கடல் காற்று வீசியது. பகலெல்லாம் வெயில் அடித்ததற்கு அடையாளமே இல்லை.

நாங்கள் தங்கியது சாச்சி வீட்டில். சாச்சி என்றால் சின்னம்மா, ஆனால் சொந்த சாச்சி இல்லை. 1999 வரை நாங்கள் இந்த ஊரில் வாடகைக்கு இருந்தபோது பக்கத்து வீடு. இடியாப்பமும் மீனாணமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாப்பிட்டு முடிக்கும் வரை, இறந்துபோன செயலாளர் காக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. காக்கா என்றால் இந்த ஊரில் அண்ணன். கை கழுவியதும் சாச்சிதான் தொடங்கினார். "ஊர் இன்னும் சரியாகலை புள்ளே. ஒரு பிரச்சினைன்னா மனுசங்க அந்த வீட்டு வாசலைப் பாத்துதான் நடக்குறாங்க. பாதி வழியில ஞாபகம் வந்து திரும்பிடுறாங்க."

காக்கா யார் என்று வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் முஹல்லாப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் செயலாளராக 22 வருஷம் இருந்தவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பதவிக்காலம் முடிந்து வேறு ஆட்கள் வந்த பிறகும் ஊருக்கு அவர் செயலாளர் காக்காதான். நிக்காஹ் பதிவேடு எழுதுவது, புருஷன் பெண்டாட்டி தகராறு, அண்ணன் தம்பி சுவர்ச் சண்டை, ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுப்பது, நள்ளிரவில் யார் மவுத்தானாலும், அதாவது இறந்தாலும், உடலைத் தூக்கும் சந்தூக்கை எடுத்து வருவது என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். போன டிசம்பர் 31-ஆம் தேதி, அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயது 71. தகவல் தெரிந்து நாங்கள் கிளம்பிவர முடிவதற்குள் அன்றைக்கு மாலை அஸருக்கே அடக்கம் முடிந்துவிட்டது. அந்தக் குறை இன்னும் மனசில் இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

பசியாறிவிட்டு நானும் சாச்சியும் பின்பக்க முடுக்கு வழியாக மாமி வீட்டுக்குப் போனோம். மாமி, காக்காவின் மனைவி. பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வருவதற்கான சந்து அது. சின்ன வயசில் இந்த முடுக்கில்தான் ஓடி விளையாடினேன். இப்போது தோள் இரண்டு பக்கமும் சுவரில் உரசும் போல இருந்தது.

மாமி இத்தாவில், துக்கம் காக்கும் காலத்தில் இருக்கிறார். கணவர் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள். மே முதல் வாரம் தாண்டித்தான் முடியும். நடுவில் ரமலானும் வரும், பெருநாளும் வரும். புதுத் துணி, நகை, அலங்காரம் எதுவும் இல்லாமல்தான் இந்தப் பெருநாள் அவருக்கு. வெளியூரில் இருந்து வருகிற சிலர் இத்தா என்றால் இருட்டறையில் அடைந்து கிடப்பது என்று நினைக்கிறார்கள். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். நான் அழுதேன், அவர் அழவில்லை. "உன் வாப்பா மவுத்தானப்போ உன் உம்மாவுக்கு நான்தான் துணைக்குப் படுத்தேன். இப்ப நீ வந்திருக்கே" என்றார்.

காலை முழுக்கப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஸலாம் சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, யாசீன் ஓதிவிட்டு, சமையலறையில் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒருவர் மட்டும், நன்றாக உடுத்தியவர், எல்லார் முன்னாலும் "வீடு யார் பேர்ல இருக்கு, பேங்குல என்ன விட்டுட்டுப் போனாங்க?" என்று கேட்டார். மாமி அமைதியாக, "வீடு என் உம்மா எனக்குத் தந்தது. அவங்க விட்டுட்டுப் போனது நோட்டுதான்" என்றார். துக்க வீட்டில் இப்படிக் கேட்பது பெரிய கொடுமை. கேட்டவருக்கு அது தெரியவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அந்த நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஜனாஸாத் தொழுகைக்கு முன் குடும்பத்தில் ஒருவர் எழுந்து நின்று, இறந்தவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று சொல்வது வழக்கம். காக்காவின் மகனும் சொல்லியிருக்கிறான். மறு வாரத்திலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாம் சேர்த்து 4,12,000 ரூபாய். சொந்தச் செலவுக்கு வாங்கியது ஒரு ரூபாய் இல்லை. 1,85,000 ரூபாய் ஒரு மொத்த மளிகைக் கடையில். 1,20,000 ரூபாய், படகு எஞ்சின் வாங்கிய ஒருவருக்கு இவர் ஜாமீன் நின்றது. மீதி சில்லறை சில்லறையாக, ஊர்க்காரர்களுக்காக இவர் வாய் கொடுத்தது.

பாதிக்கு மேல் வெள்ளத்தில் வந்த கடன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஊரில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது அந்த ராத்திரிதான். போன் இல்லை, கரண்ட் இல்லை. காக்கா எழுபது வயசில் இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு பிடித்துப் போய், பள்ளிவாசல் மாடியைத் திறந்துவிட்டு, தாழ்வான தெருக்களில் இருந்தவர்களை எல்லாம் அங்கே ஏற்றியிருக்கிறார். யார் என்ன மதம் என்று கேட்கவில்லை. அரிசி, பருப்பு, பாய், பால் பவுடர், பெண்களுக்கான நாப்கின் எல்லாம் கடையில் தன் கணக்கில் எடுத்திருக்கிறார். தண்ணீர் வடிந்த பிறகு, அரசு அறிவித்த 6,000 ரூபாய் வந்து சேரும் வரை பலருடைய அடுப்பு அவர் கணக்கில்தான் எரிந்திருக்கிறது. பிறகு வசூல் செய்து தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். கொஞ்சம் தீர்த்தும் இருக்கிறார். மீதிக்கு ஆயுள் இல்லை.

நானும் தம்பியும் சேர்த்து ஒரு கவரில் ஐம்பதாயிரம் கொண்டுவந்திருந்தோம். ஆட்கள் குறைந்ததும் மாமியிடம் நீட்டினேன். கவரைத் தொடவே இல்லை. கோபமும் இல்லை. "ஊர்ல வசூல் பண்ணித் தர்றோம்னு மூணு தடவை வந்தாங்க. வேண்டாம்னுட்டேன். அவங்க காலம் பூரா பிறருக்குக் கொடுத்த கை. அவங்க பேரைச் சொல்லி நான் கை ஏந்த மாட்டேன்" என்றார்.

அப்புறம் உள்ளே போய் நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டுகளை ஒரு கட்டாக எடுத்துவந்தார். ஒவ்வொன்றின் அட்டையிலும் வருஷம். குர்ஆனில் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ இல்லை, கடனை எழுதி வைப்பதைப் பற்றி என்று காக்கா அடிக்கடி சொல்வார். பகரா சூராவின் 282-ஆம் வசனம். அதை அப்படியே வாழ்ந்திருக்கிறார். யாருடைய வளையல், நம்பி ஒப்படைத்த அமானத்தாக, எந்த டப்பாவில் இருக்கிறது என்பது வரை எழுதியிருந்தார். 1998 நோட்டில் மாமி ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். என் வாப்பா பெயர். ஆஸ்பத்திரி, 11,400 ரூபாய். மேலே குறுக்காக ஒரு கோடு. பக்கத்தில், "அல்லாஹ்வுக்காக விட்டேன்."

வாப்பா மஞ்சள்காமாலையில் இருபது நாள் கிடந்து மவுத்தானார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆஸ்பத்திரிப் பணத்தைப் பைத்துல்மால் கட்டியதாகத்தான் உம்மா கடைசி வரை நம்பினார். ஜமாஅத் பணம் என்று சொன்னால்தான் உம்மா கூச்சப்படாமல் இருப்பார் என்று காக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. இருபத்தாறு வருஷம் எங்களுக்கு இது தெரியாது. அப்போ இதையாவது வாங்கிக்கொள்ளுங்கள், இது கடன்தானே என்றேன். "விட்டதை எப்படிப் புள்ளே வாங்குறது?" என்றார் மாமி.

கவரோடு முடுக்கு வழியாகத் திரும்பினேன். ஜும்ஆ முடிந்து, அடக்கத்தலமான மையவாடியில் ஸியாரத் செய்துவிட்டுத் தம்பி வந்தான். காக்காவின் கபுர் மேல் குவித்த மண் இன்னும் உயரமாகவே இருக்கிறதாம். நடந்ததைச் சொன்னேன். இவன் ஆச்சரியமாக என்னைப் பார்த்தான். இன்றைய பயானில், ஜும்ஆ உரையில், இமாம் சொன்னதும் ஒரு கடன் கதைதானாம். கடனோடு இறந்த ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தொழ வைக்காமல் விலகி நின்றார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள், அந்தக் கடனை நான் ஏற்கிறேன் என்று சொன்ன பிறகுதான் தொழ வைத்தார்கள். "அபூ கதாதா அந்த வீட்டுக்காரங்க கையில காசைக் கொடுக்கலை ராத்தா. கடனை எடுத்துக்கிட்டாங்க. நாமளும் கடைக்குப் போவோம்" என்றான்.

வாப்பா மவுத்தானபோது இவனுக்கு நான்கு வயது.

பிப்ரவரி 8, சனி

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவது பற்றி ஊரில் இரண்டு கருத்து உண்டு. அதற்குள் நான் போகவில்லை. மாமி வீட்டில் கத்முல் குர்ஆன், அதாவது குர்ஆன் முழுவதையும் ஓதி துஆ செய்தார்கள், அவ்வளவுதான். அனாதைப் பிள்ளையின் பங்கில் கை வைத்து விருந்து போட மாட்டேன் என்று மாமி முன்னாலேயே சொல்லிவிட்டார். கடைசி மகள் இன்னும் படிக்கிறாள்.

ஆனால் மதியத்துக்கு மேல் அந்தத் தெரு மனிதர்கள் செய்ததை நான் இதுவரை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஒரு வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து களறிக் கறி. மூன்றாவது வீடு கத்திரிக்காய் மாங்காய். பருப்பு, தயிர், ஓட்டுமா, ஒரு தட்டு தம்மடை. எல்லாம் முடுக்கு வழியாக, தலையில் துணி போர்த்திய பெண்கள் கையில், சத்தமில்லாமல் வந்து சேர்ந்தன. ஜஅஃபர் (ரலி) போரில் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்கு நீங்கள் சமைத்துக் கொடுங்கள், அவர்களுக்கு மற்றதை நினைக்க முடியாத துயரம் வந்திருக்கிறது என்றுதான் நபி (ஸல்) சொன்னார்கள். துக்க வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற வழக்கத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டில், மாமியும் நானும் சேர்ந்து சாப்பிட்டோம். இரண்டு வாய் உண்டுவிட்டு, நல்ல கறித்துண்டுகளை என் பக்கம் ஒதுக்கித் தள்ளினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி மகளோடு மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தேன். பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் வருஷம். படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகப்போகிறாளாம், மாதம் 9,000 ரூபாய். கடன் தீர்ந்த பிறகு மறுபடி படிக்கலாம் என்கிறாள். மறுபடி படிப்பது அவ்வளவு சுலபம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் அப்படிப் போன பெண்கள் திரும்பி வந்ததே இல்லை. நான் பிளஸ் டூ முடித்தபோது உன் வாப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்று கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார், அதற்காகவே திருச்சி வரை வந்தார் என்று சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. ரொம்ப நேரம் கேள்வி கேட்டாள். என்ன பேனா, என்ன சட்டை என்று கூட. வேலைக்குப் போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமை முதல் வாரம் மூன்று நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ காலில் பாடம் என்று மட்டும் முடிவு செய்தோம். நான் கணித ஆசிரியை. என்னிடம் கொடுக்க இருப்பது அதுதான்.

அஸருக்குப் பிறகு தம்பியும் நானும் அந்த மளிகைக் கடைக்குப் போனோம். வாசலில் வெங்காய மூட்டைகள், உள்ளே மிளகாய் நெடி. முதலாளி எங்களைத் தெரியாதவர் போலப் பார்த்தார். செயலாளர் காக்கா கணக்கில் ஐம்பதாயிரம் கட்ட வேண்டும் என்றான் தம்பி. அவர் ஆச்சரியப்படவே இல்லை. மேஜை இழுப்பறையில் இருந்து ஒரு நீளமான பேரேட்டை எடுத்து, "பேர் வேணாம்தானே?" என்று கேட்டார்.

பேரேட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு பக்கம் முழுக்க வரவு. 500, 2,000, 300, 200, 200, 200. பெயர்கள் இல்லை, தேதியும் தொகையும்தான். அந்த 200 யார் என்று தம்பி கேட்டுவிட்டான். வாரா வாரம் வியாழக்கிழமை மீன் விற்றுவிட்டு வருகிற ஓர் அம்மாவாம். வெள்ளத்தில் மூன்று நாள் பள்ளிவாசல் மாடியில் பேத்தியோடு இருந்தவர். "அந்தம்மா நம்ம மார்க்கம் இல்லை. ஆனா ஒரு வாரம் தப்பலை" என்றார். 1,85,000 ரூபாயில் எங்கள் பணம் போக 71,300 ரூபாய்தான் மீதி இருந்தது. மாமிக்குத் தெரியுமா என்று கேட்டேன். "கணக்கு முடிஞ்ச பிறகு தள்ளுபடி பண்ணிட்டேன்னு சொல்லிக்கலாம்னு இருக்கேன்" என்றார். அது பொய் ஆகிவிடுமே, அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவர்கள் கை ஏந்தாமலே இது நடந்திருக்கிறது, கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று சொன்னேன். யோசித்துவிட்டுச் சரி என்றார். வேண்டாம் என்று சொல்லியும் ஆளுக்கொரு ஏலக்காய் டீ வரவழைத்துக் கொடுத்துத்தான் விட்டார்.

ராத்திரி ஆண்கள் பக்கம் இரங்கல் கூட்டம். தம்பி போய்வந்தான். நன்றாகப் பேசினார்களாம். பலர் அழுதார்களாம். தெரு முனையில் அவர் பெயரில் ஒரு வளைவு கட்டலாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கட்டட்டும், அவர் பெயருக்கு அந்தத் தகுதி உண்டு. ஆனால் முஃமினின், இறைநம்பிக்கையாளரின், ஆன்மா அவர் கடன் தீரும் வரை அதில் தொங்கி நிற்கும் என்று ஹதீஸ் இருக்கிறது. படகு எஞ்சின் ஜாமீனும் மற்றதும் தீரட்டும். அந்தப் பெண் பட்டம் வாங்கட்டும். அதற்குப் பிறகு சிமெண்ட் வாங்கலாம். இதைப் பெண்கள் பக்கத்தில் இருந்து யாரும் கூட்டத்தில் போய்ச் சொல்ல முடியவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். தம்பியையும் சொல்லச் சொன்னேன். சொன்னானாம். இரண்டு பேர் தலையாட்டினார்களாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சுபுஹுக்குப் பிறகு கடற்கரைக்கு நடந்தோம். மணல் பனியில் நனைந்து கிடந்தது. ஒரு படகு கரையேறிக்கொண்டிருந்தது. தம்பி அதன் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றான். இது அந்த எஞ்சினா என்று நானும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு மாமியிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். தம்பி வாசல் திண்ணையில் காக்காவின் மகனோடு உட்கார்ந்துகொண்டான். நான் உள்ளே. மாமி ஒரு டப்பா ஓட்டுமா கட்டி வைத்திருந்தார். இத்தா முடிந்ததும் திருச்சிக்கு வாருங்கள், ஒரு மாதம் இருங்கள் என்றேன். "நீ ரமலான்ல ஒரு ஞாயித்துக்கிழமை வா. நோன்பு திறக்க ஆள் இல்லாத வீட்டுல கஞ்சி இறங்காது" என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், மார்ச் 16.

இவர்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டிய முனையில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு நடப்பவர்களுக்காகக் காக்கா வருஷா வருஷம் வாசலில் ஒரு டிரம் வைத்து, இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைச் சங்கிலியில் கட்டி வைப்பார். இந்த வருஷமும் வைத்திருக்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் ஒரு கூட்டம் பாடிக்கொண்டு வந்தது. டம்ளர் டிரம்மில் இடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது. மாமி பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி மகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, பாட்டுச் சத்தம் இன்னும் கேக்குது, டம்ளர் சத்தம் கேக்கலை. தண்ணி தீந்துட்டு போல. போய் ஊத்து."